மூன்று சேர்ந்தால் மறையும்: ஒரு டேப்லெட் விளையாட்டு பிறந்த கதை

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கற்களை இடம் மாற்ற வேண்டும். ஒரே நிறக் கற்கள் மூன்று வரிசையாக அமைந்தால் அவை மறையும். மேலே உள்ளவை சரிந்து இறங்கும். உச்சியில் காலியான இடங்களைப் புதிய கற்கள் நிரப்பும். மூன்று சேராவிட்டால், மாற்றிய கற்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். விதி இவ்வளவுதான். இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும், கண்ணாடி போட்ட பாட்டிக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இது பிடிபட்டுவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், ரயில் பயணத்திலும், தூக்கம் வராத இரவிலும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கானோர் ஆடும் கேண்டி கிரஷ் இந்த விதியில்தான் ஓடுகிறது. அதற்கு முன் வந்த பிஜுவல்டும், பின்னால் வந்த எண்ணற்ற பழ, பூ, மிட்டாய் விளையாட்டுகளும் அதே விதியின் பிள்ளைகள். விதி பிறந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாறியதெல்லாம் அதைச் சுற்றியுள்ள நேரக் கணக்கு. இந்த வகை விளையாட்டுகளில் நேரம் முதலில் எதிரியாக இருந்தது. பிறகு சிலர் அதை விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்கும் பிறகு வேறு சிலர் அதை விலைப்பொருளாக்கினார்கள். இந்த மூன்று படிகளையும் வரிசையாகப் பார்த்தால்தான் நம் மடியில் இருப்பது என்னவென்று புரியும்.

விழும் கட்டைகளின் காலம்

1984ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் டெட்ரிஸை எழுதினார். அந்தக் கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டைகளைக் காட்டினார். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி, நகர்த்தி, சந்து விடாமல் அடுக்க வேண்டும். ஒரு வரி நிரம்பினால் அது மறையும். நிரம்பியது மறையும்போது மனசுக்குக் கிடைக்கும் நிறைவை உலகம் முழுக்கக் கொண்டுபோன விளையாட்டு அது. ஆனால் அதில் மூச்சுவிட நேரமில்லை. நிலை ஏற ஏற வேகம் கூடும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆட்டம் தோல்வியை நோக்கியே நகரும்.

டெட்ரிஸ் பிரபலமானதும் அதன் வழியில் பலர் இறங்கினார்கள். அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் இருந்த ஜே கீர்ட்சன் 1989ல் 'காலம்ஸ்' எழுதினார். வடிவத்துக்குப் பதில் அதில் நிறம் முக்கியம். ஒரே நிறம் மூன்று சேர்ந்தால் மறையும். சேகா நிறுவனம் 1990ல் அதை நகைக்கற்களாக அலங்கரித்து ஆர்கேடுகளுக்குக் கொண்டுவந்தது. அங்கேயும் கற்கள் மேலிருந்து விழுந்துகொண்டேதான் இருந்தன.

ஜப்பானில் 1985லேயே வேறொரு வழி திறந்திருந்தது. 'செயின் ஷாட்' என்ற அந்த விளையாட்டில் பலகை தொடக்கத்திலேயே நிரம்பியிருக்கும். ஒட்டியிருக்கும் ஒரே நிறக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அது மறையும். யாரும் துரத்துவதில்லை. ஆனால் புதிய காய்களும் வராது. பலகை காலியாகக் காலியாக ஆட்டமும் வற்றிவிடும்.

மூன்று சேர்ந்தால் மறையும் நிறம், தொடக்கத்திலேயே நிரம்பிய பலகை. இந்த இரண்டும் 1994ல் ரஷ்யாவில் ஒரே திரையில் சந்தித்தன. டாஸ் கணினிகளுக்காக யெவ்கேனி அலேம்ஷின் எழுதிய அந்த விளையாட்டின் பெயர் 'ஷாரிகி'. ரஷ்ய மொழியில் சின்னப் பந்துகள். பலகை முழுக்க வண்ணப் பந்துகள். பக்கத்துப் பந்துகள் இரண்டை இடம் மாற்றி மூன்று சேர்த்தால் அவை மறையும். மேலிருந்து புதிய பந்துகள் வரும். இன்று டேப்லெட்டில் நாம் விரலால் செய்வது முழுக்க அங்கே இருந்தது.

அலேம்ஷின் செய்ததன் பெருமையை நாம் இன்னும் சரியாக எடைபோடவில்லை என்றே நினைக்கிறேன். டெட்ரிஸில் காலிப் பலகை நிரம்பிக்கொண்டே வரும், நிரம்பினால் ஆபத்து. ஷாரிகியில் பலகை எப்போதும் நிரம்பியே இருக்கும்; ஆகவே நிரம்புவதைப் பற்றிய பயமே இல்லை. ஆடுகிறவர் கை வைக்கும்வரை எதுவும் அசையாது. காத்திருப்பது கணினியின் வேலையானது. அடுத்த ஆண்டு, 1995ல், நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாமுக்காக ஜப்பானில் வந்த 'பனெல் தெ பொன்' விளையாட்டிலும் இடம் மாற்றுவதுதான் அடிப்படை. ஆனால் அதில் அடுக்கு கீழிருந்து ஏறிக்கொண்டே வந்து ஆடுகிறவரை விரட்டியது. விரட்டல் இல்லாமல் விளையாட்டா என்ற எண்ணம் அந்தத் துறையில் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. ஷாரிகி உலக அங்காடிகளுக்கு வரவே இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த விளையாட்டு ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2007ல் இந்த வகை விளையாட்டுகளின் வம்சாவளியை எழுதியபோது, ஷாரிகிக்கு அதில் உரிய இடம் கொடுத்தார்.

மூன்று பேரும் ஒரு வலைப்பக்கமும்

அடுத்த படி அமெரிக்காவில். பர்டியூ பல்கலைக்கழகத்தில் நிரலெழுதும் வகுப்பில் சந்தித்த ஜான் வெச்சி, பிரையன் ஃபீட்டே என்ற இரண்டு இளைஞர்கள் மாணவப் பருவத்திலேயே ஓர் இணைய விளையாட்டைச் செய்திருந்தார்கள். அந்த வேலை வழியாக ஜேசன் கபால்கா என்ற கனடாக்காரர் பழக்கமானார். 2000ல் மூவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே பின்னால் பாப்கேப் என்று பெயர் பெற்றது.

ஒருநாள் வெச்சியின் கண்ணில் ஒரு வலைப்பக்கம் பட்டது. நிறங்களை இடம் மாற்றி மூன்று சேர்க்கும் எளிய விளையாட்டு அதில் இருந்தது. அசைவில்லை, அழகில்லை. இருந்தும் அவரால் அதை விட முடியவில்லை. மற்ற இருவருக்கும் காட்டினார். ஃபீட்டே நிரல் எழுத, கபால்கா கற்களை வரைய, சில நாட்களிலேயே ஒரு வடிவம் தயாரானது. 8க்கு 8 பலகை, 64 கட்டங்கள், ஏழு வகைக் கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் நிறத்தோடு தனி வடிவமும் உண்டு. நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களும் வடிவத்தை வைத்து ஆடலாம். முதல் பெயர் 'டயமண்ட் மைன்'. மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுத் தளத்தில் அதை வெளியிட்டபோது 'பிஜுவல்ட்' என்று மாற்றியது. அந்தப் பெயரே நிலைத்தது.

மூவரும் விதியோடு சேர்த்துத் தந்தது உயிர்ப்பு. கல் மறையும்போது ஒரு ஓசை, மேல் கற்கள் சரியும்போது ஒரு தட்டல், தற்செயலாக இன்னொரு மூன்று அமைந்தால் அதற்கும் மேலான ஓசை. இந்தத் தற்செயல்தான் விளையாட்டின் இதயம். நாம் திட்டமிட்டது ஒரே ஒரு மாற்றம். அதன் விளைவாகச் சரிந்த கற்கள் தாமாகவே மூன்று மூன்றாகச் சேர்ந்து மறைந்துகொண்டே போகும். பல்லாங்குழியில் கைச்சோழி தீர்ந்து, வெறுங்குழியைத் தடவி, அடுத்த குழியில் குவிந்திருப்பதை அள்ளும்போது வரும் மகிழ்ச்சி அது. பாதி நம் கணக்கு, பாதி நம் யோகம்.

இதற்குப் பின்னால் கணினி சத்தமில்லாமல் பார்க்கும் வேலையும் உண்டு. 64 கட்டப் பலகையில் அடுத்தடுத்த ஜோடிகள் 112. ஆட்டம் தொடங்கும்போது எந்த மூன்றும் முன்கூட்டியே சேர்ந்திருக்கக் கூடாது. அதேசமயம் அந்த 112 மாற்றங்களில் ஒன்றாவது மூன்று சேர்க்கக்கூடியதாக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் கணினி இதைத் திரும்பச் சோதிக்கிறது. இனி எந்த மாற்றமும் பலிக்காது என்ற நிலை வந்தால் ஆட்டம் முடியும்.

கடிகாரத்தை எடுத்தவர்கள்

பிஜுவல்டில் இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்றில் நேரம் குறைந்துகொண்டே வரும். மற்றதில் நேரக் கட்டுப்பாடே கிடையாது. மேசைக்கணினியில் சண்டை விளையாட்டுகள் கோலோச்சிய காலம் அது. அவசரமும் ஆபத்தும் இல்லாத ஒன்றை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளவே அந்தத் துறையில் பலர் தயங்கினார்கள். ஆடியவர்களோ நேரமில்லாத வடிவத்தையே பெரிதும் நாடினார்கள். ஒரு கல்லை நகர்த்திவிட்டு அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வரலாம். தொலைபேசி அழைப்பை எடுத்துப் பேசிவிட்டு வரலாம். பலகை அப்படியே காத்திருக்கும்.

யாருக்காக இது அமைந்தது என்பது பிறகு தெளிவானது. 2006ல் பாப்கேப் நடத்திய வாடிக்கையாளர் ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டியவர்கள். விளையாட்டுத் துறை அதுவரை ஆட்டக்காரர்களாக மதிக்காத ஒரு பெருங்கூட்டம் அது. வீட்டிலும் வேலையிலும் பிறர் நேரத்துக்கு ஏற்பத் தங்கள் நேரத்தை வளைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு, தங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு பொருள் கிடைத்தது. பிஜுவல்டின் வெற்றிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பணம் மட்டும் உடனே வரவில்லை. மைக்ரோசாஃப்ட் மாதம் 1,500 டாலர் வாடகை கொடுத்தது. இணைய நிறுவனங்கள் சரிந்துகொண்டிருந்த நேரம்; விளம்பர வருமானமும் வறண்டது. 2001ல் பாப்கேப் ஒரு பரிசோதனை செய்தது. படமும் ஒலியும் மெருகேற்றிய 'டீலக்ஸ்' வடிவத்தைக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். பிடித்தால் சுமார் 20 டாலர். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற சந்தேகத்தை மக்கள் பொய்யாக்கினார்கள். 2002ல் கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் இதழ் தன் பெருமைப் பட்டியலில் பிஜுவல்டைச் சேர்த்தது. டெட்ரிஸுக்குப் பிறகு ஒரு புதிர் விளையாட்டுக்கு அங்கே கிடைத்த இடம் அது. ஒருமுறை பணம் கொடுத்தால் பலகை நிரந்தரமாக உங்களுடையது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். அந்த ஒப்பந்தத்தில் ஒளிவுமறைவே இல்லை.

விரலுக்கு ஏற்ற பலகை

2010 ஜனவரி 27ல் சான்பிரான்சிஸ்கோ மேடையில் தோல் நாற்காலி ஒன்றில் சாய்ந்து அமர்ந்தபடி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டினார். ஏப்ரல் 3ல் விற்பனை தொடங்கியது. மேசையும் மவுஸும் இல்லாமல், சாய்ந்து உட்கார்ந்து பயன்படுத்தும் கணினி. மூன்று சேர்க்கும் விளையாட்டு இப்படிப்பட்ட ஒரு பொருளுக்காகவே அதுவரை காத்திருந்தது போலத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஐபோனின் 3.5 அங்குலத் திரை ஏறக்குறைய 49 மில்லிமீட்டர் அகலம். எட்டுக் கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 6 மில்லிமீட்டர். விரல் நுனி கல்லை முழுக்க மறைத்துவிடும். 9.7 அங்குல ஐபேடின் குறுகிய பக்கம் ஏறக்குறைய 148 மில்லிமீட்டர். ஒரு கட்டத்துக்கு 18 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது. விரலைவிடக் கல் பெரிது. பார்வை மங்கியவருக்கும், விரல் நடுங்குகிறவருக்கும் இந்த 12 மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய வரம்.

செய்கையும் மாறியது. மவுஸில் ஒரு கல்லைச் சொடுக்கி, பிறகு அடுத்ததைச் சொடுக்க வேண்டும். பாம் கைக்கணினிகளில் பிஜுவல்டைக் குச்சியால் ஆடினார்கள். தொடுதிரையில் கல்லைத் தொட்டு, போக வேண்டிய பக்கம் தள்ளினால் போதும். விதி எதைச் சொல்கிறதோ அதையே கை செய்கிறது.

ஐந்து உயிர், அரை மணி நேரம்

இந்த விரல்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2003ல் தொடங்கிய கிங் நிறுவனம். முதல் ஆண்டிலேயே திவாலாகும் நிலைக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மெல்வின் மாரிஸ் என்பவர் போட்ட முதலீட்டில் தப்பியது. பல ஆண்டுகள் தன் வலைத்தளத்தில் சின்னச் சின்னப் போட்டி விளையாட்டுகளை நடத்தி, எது மக்களைப் பிடித்து வைக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியது. செபாஸ்டியன் குனுட்சன் தலைமையிலான படைப்புக் குழு அவற்றில் தேறியவற்றை எடுத்து, ஒரு வரைபடத்தில் லெவல் லெவலாக முன்னேறும் 'சாகா' வடிவத்துக்கு மாற்றியது. 2012 ஏப்ரலில் கேண்டி கிரஷ் சாகா ஃபேஸ்புக்கில் வந்தது. நவம்பர் 14ல் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் வந்தது. ஃபேஸ்புக்கில் விட்ட இடத்திலிருந்தே டேப்லெட்டில் தொடரலாம்.

விதியளவில் இது ஷாரிகியின் நேரடி வாரிசு. கற்கள் மிட்டாய்களாயின, நான்கு சேர்த்தால் கோடு போட்ட மிட்டாய், ஐந்து சேர்த்தால் ஒரு நிறத்தையே துடைத்தெடுக்கும் மிட்டாய். ஒவ்வொரு லெவலிலும் ஒரு குறிக்கோள் உண்டு. ஜெல்லியை உடைக்க வேண்டும், பழங்களைக் கீழே இறக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நகர்த்தல்களுக்குள். அழகான, நுட்பமான வடிவமைப்பு. அதில் உழைத்தவர்களின் திறமையை மனமார மதிக்கிறேன்.

நேரக் கணக்கு இங்கேதான் திரும்பியது. பெரும்பாலான லெவல்களில் கடிகாரம் ஓடாது; பிஜுவல்டில் கிடைத்த அதே நிதானம். ஆனால் ஆடுகிறவருக்கு ஐந்து உயிர். ஒரு லெவலில் தோற்றால் ஓர் உயிர் போகும். அது திரும்பி வர 30 நிமிடம் ஆகும். ஐந்தும் போனால் காத்திருக்க வேண்டும், அல்லது நண்பர்களிடம் கேட்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். இன்னும் ஓரிரண்டு நகர்த்தல் கிடைத்தால் ஜெயித்துவிடலாம் என்ற நிலையில் நகர்த்தல்கள் தீரும்போது, கூடுதலாக ஐந்து நகர்த்தலை விலைக்கு நீட்டும் பலகை வரும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தருணத்தையே எடுத்துக்கொண்டது. மயிரிழையில் நழுவிய தோல்வி, சாதாரணத் தோல்வியைவிட அதிக எரிச்சலையும், இன்னொரு முறை ஆடிவிட வேண்டும் என்ற உந்துதலையும் தருவதாக அது கண்டது. முன்பு பலகை நமக்காகக் காத்திருந்தது. இப்போது பலகைக்காக நாம் காத்திருக்கிறோம்.

வியாபாரமாக இது மலைக்க வைத்தது. 2014ல் பங்குச்சந்தைக்கு வரும்போது கிங் வெளியிட்ட விவரப்படி, 2013 டிசம்பரில் தினமும் சராசரியாக 9.3 கோடிப் பேர் கேண்டி கிரஷ் ஆடினார்கள்; அந்தக் காலாண்டு வரவில் 78 சதவீதம் இந்த ஒரே விளையாட்டிலிருந்து வந்தது. கிங்கின் விளையாட்டுகளுக்குப் பணம் கட்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். மீதி 96 பேர் காசில்லாமல் ஆட, அந்த நான்கு பேரின் பொறுமையின்மையில் நிறுவனம் வாழ்ந்தது. 'கேண்டி' என்ற சொல்லைக்கூடத் தன் வணிகச் சின்னமாக்க கிங் முயன்று, எதிர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டது. மூன்று சேர்ந்தால் மறையும் என்ற விதிக்கு மட்டும் இன்றுவரை உரிமையாளர் யாரும் இல்லை.

நிறுவனங்களோ கைமாறிக்கொண்டே இருந்தன. பாப்கேப்பை 2011ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. கிங்கை 2016ல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் 590 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக்டிவிஷனை 2023 அக்டோபரில் வாங்கியது மைக்ரோசாஃப்ட். ஒருகாலத்தில் பிஜுவல்டுக்கு மாதம் 1,500 டாலர் வாடகை கொடுத்த அதே நிறுவனத்திடம்தான் இன்று கேண்டி கிரஷ் இருக்கிறது.

எளிமைக்குள் இருக்கும் ஆழம்

இதெல்லாம் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கணிதம் அப்படி ஒதுக்கவில்லை. 2014ல் ஆஸ்திரேலியக் கணினி அறிஞர் டோபி வால்ஷ், கேண்டி கிரஷ் கணினியியலில் மிகக் கடினமான புதிர் வகுப்புகளில் ஒன்றைச் சேர்ந்தது என்று நிறுவினார். இத்தாலிய ஆய்வாளர்கள் பிஜுவல்டுக்கும் அதையே நிறுவினார்கள். குறிப்பிட்ட நகர்த்தல்களுக்குள் குறிப்பிட்ட புள்ளிகளை எட்ட முடியுமா என்ற கேள்விக்கு, பலகை பெரிதாகப் பெரிதாக, வேகமாக விடை சொல்லும் பொது வழி எந்தக் கணினியிடமும் இல்லை என்பது இதன் சாரம். மதிய நேரத்தில் மடியில் பலகையை வைத்துக்கொண்டு ஓர் அம்மா சட்டென்று கண்டுபிடிக்கும் நல்ல நகர்த்தலுக்குப் பின்னால் உண்மையான அறிவு வேலை செய்கிறது.

பெரிய அழுத்தத்தில் வாழ்கிறவர்களும் இதைத் தேடுகிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் ஐபிஎல் கோப்பையை வென்ற 2023ம் ஆண்டின் ஜூனில், விமானத்தில் தோனி டேப்லெட்டோடு அமர்ந்திருந்த காணொளி நாடெங்கும் சுற்றியது. அதில் தெரிந்தது கேண்டி கிரஷ் என்று செய்திகள் வந்தன. கடைசி ஓவரின் நெருக்கடியைத் தொழிலாகக் கொண்டவர் எதிராளி இல்லாத பலகையை நாடுவதில் எனக்கு வியப்பில்லை.

ஆகவே இந்த விளையாட்டை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அதன் பிறப்பில் இருந்த நல்லதைத் திரும்பக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். ஒருமுறை விலை கொடுத்தால் விளம்பரமும் காத்திருப்பும் இல்லாமல் ஆடக்கூடிய, நேரக் கட்டுப்பாடற்ற வடிவங்கள் ஆப் கடைகளில் இன்னும் உண்டு, தேடினால் கிடைக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டேப்லெட் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், விளையாட்டைப் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்தாமல், விளையாட்டுக்குள் பணம் செலுத்தும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படியும் அமைத்துக் கொடுக்க வேண்டும். சில நிமிட வேலை. உயிர் தீர்ந்துபோய் பலகை காத்திருக்கச் சொன்னால், அன்றைய ஆட்டம் அதோடு போதும் என்று மூடிவைக்கலாம். நாளைக்கு ஐந்தும் காசில்லாமல் திரும்பியிருக்கும். ஷாரிகியிலும் பிஜுவல்டிலும் எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதை ஆடுகிறவரே முடிவு செய்தார். அந்த முடிவு அவரிடமே இருக்கும்வரை இது உலகின் மிக நல்ல விளையாட்டுகளில் ஒன்று.